கம்பெனிக்கு ஒரு கண்

வெள்ளை என்றால் எது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தப் பூமியில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. மற்ற எல்லாரும் வெள்ளையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரே மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பற்பசை என்று நம்பி, மனைவியின் பித்தவெடிப்புக் களிம்பை எடுத்துப் பல் தேய்த்தார்.

பாதி தேய்த்த பிறகும் நுரை வராததால்தான் சந்தேகம் வந்தது. குழாயை மூக்குக்கு நேரே பிடித்து, பிறகு விளக்கடிக்குக் கொண்டுபோய், கடைசியில் முகர்ந்து பார்த்து உண்மையை அறிந்தார். குளியலறையை விட்டு வெளியே வந்தபோது மனைவி கட்டிலடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, என் களிம்பைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை," என்றார். சில மாதங்களாக அவர் வாயிலிருந்து வந்ததிலேயே நேர்மையான பதில் அதுதான்.

அவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கலர் மாஸ்டர். அது முதலில் வேலையின் பெயராக இருந்து, நாளடைவில் ஆளின் பெயராகி, இப்போது வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில்கூட 'மாஸ்டர் அவர்கள்' என்றுதான் எழுதுகிறார்கள். கம்பெனியில் அவருக்கென்று பெரிய ஜன்னலோரத்தில் ஒரு மேடை. கலவை டிரம்மிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வருவார்கள். மாஸ்டர் அதை விரலால் தொட்டு அட்டையில் இழுத்து, காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தலையை வலப்பக்கம் சரித்தால் ஒரு சொட்டு ஊதா. இடப்பக்கம் சரித்தால் ஒரு சொட்டு கருப்பு. நிமிர்ந்து, "ஆச்சு," என்றால் ஆச்சு. அவர் "ஆச்சு" சொல்லாமல் அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு டப்பா போனதில்லை.

எதோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. மாதிரி அட்டையை நீட்டினால், "இது எதுக்கு? நான் என்ன புதுசா சேர்ந்தவனா?" என்று கேட்பார். ஒருமுறை முதலாளி ஆசை ஆசையாக, நிறத்தை அளக்கும் இயந்திரம் ஒன்றை இறக்கினார். மாஸ்டர் வெள்ளை என்று பார்த்து "ஆச்சு" சொன்ன அட்டையை அதற்குக் காட்டியபோது அது "ஊதா கலந்திருக்கிறது" என்று எண்களில் சொல்லியது. மாஸ்டர் அந்த இயந்திரத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்து, "குருட்டு மிஷின்," என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளி அதை விற்றுவிட்டார். எதை நம்புவார்கள், மாஸ்டரின் கண்ணையா, சொல்வதற்கு வாய்கூட இல்லாத ஒரு பெட்டியையா?

வீட்டிலும் இதே சட்டம்தான். நிறத்தைப் பற்றி வீட்டில் வேறு யாரும் பேசக் கூடாது. ஒரு தடவை மனைவி, "என்னங்க, உங்க மீசை..." என்று ஆரம்பித்தாள். மீசைக்கு அவர் கடைச் சாயத்தை அப்படியே பூசுகிறவர் அல்ல. கடைக் கருப்பில் செம்மை அடிக்கிறதாம். அதனால் தன் கையாலேயே இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் சேர்த்து, சுத்தமான கருப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசிக்கொள்வார். அவள் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க விடாமல், பழகாத கண்ணுக்கும் பழகிய கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் குறித்துச் சாப்பாடு ஆறும்வரை விளக்கினார். அன்றிலிருந்து அவள் புடவைக் கடையில்கூட "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்," என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவளாகிவிட்டாள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணில்தான் இப்போது புகை மூட்டம்.

முதலில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் வந்தது. பிறகு பேருந்தின் நெற்றியில் இருக்கும் எண் கரைந்தது. பிறகு எதிரே வருகிறவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாதிச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டாக்டரிடம் போனால் கண்ணில் கோளாறு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மாஸ்டர் வெறும் ஆள். போகாவிட்டால் ஒருநாள் ஜன்னலே தெரியாமல் போகும். அப்போதும் வெறும் ஆள்தான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சாத்தியது தானேதான் என்பதை ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அந்தக் கதவை உடைத்தது ஒரு மழைக்கோட்டு. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி ஒருநாள் வருவதாக இருந்தது. வாசல் மணி அடித்ததும் மாஸ்டர் எழுந்து கூடத்துக்கு வந்து, இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க சம்பந்தி, வாங்க! என்ன இப்படி நின்னுக்கிட்டே இருக்கீங்க, உட்காருங்க!" என்றார். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு உட்காரவில்லை. நிஜச் சம்பந்தி அவருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி போன பிறகு மனைவி மாஸ்டரின் எதிரே வந்து அமர்ந்தாள்.

"களிம்பு வாசனை அன்னைக்கே உங்க வாயில வந்துச்சு. நானும் சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நாளைக்கு என் தம்பியை வரச் சொல்லியிருக்கேன். நல்ல கண் டாக்டரா பார்த்துச் சொல்லுவான்."

"என் கண்ணை ஒரு டாக்டர் பார்க்கிறதா? அதைப் பார்க்கிற அளவுக்கு அவனுக்குக் கண் வேணுமே."

"சம்பந்திக்குக் கண் நல்லாவே இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் போனார்."

மச்சான் மறுநாள் வந்தான். கைபேசியைத் திறந்தால் உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவன். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டாக்டராக விரலால் தள்ளத் தொடங்கினான்.

"மாமா, இவர் ரொம்ப ராசியான டாக்டராம். நாலரை நட்சத்திரம்."

"போர்டைக் காட்டு." மாஸ்டர் கைபேசியை மூக்குநுனிவரை கொண்டுபோனார். "ஆரஞ்சு மேல சிவப்பு எழுத்து. இப்படிப் போர்டு வைக்கிறவனுக்குக் கண்ணைப் பத்தி என்ன தெரியும்? அடுத்தது."

"இவர் வெளிநாட்டுல படிச்சவர். பேருக்குப் பின்னாடி எவ்வளவு எழுத்து பாருங்க."

"பேரை விட வால் நீளமா இருக்கு. அடுத்தது."

"இவர்..."

"சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்கார். சொந்தக் கண்ணையே காப்பாத்திக்கத் தெரியாதவர்."

"பல் டாக்டர்கிட்ட போனப்போ அவருக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிப் பார்த்துட்டா போனீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எண்ணிப் பார்த்துட்டுத்தான் போனேன்."

மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் தன் பங்குக்கு வேறு மாதிரி விசாரித்திருந்தாள். தெருவில் கண் ஆபரேஷன் ஆனவர்களை எல்லாம் வழிமறித்து, யார் செய்தார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா, ஆபரேஷன் வேண்டாதவர்களிடம் வேண்டாம் என்று சொன்னதுண்டா, பிறகு ஒரு சந்தேகம் என்று போனால் அதே ஆள் வந்து பார்த்தாரா என்று கேட்டிருந்தாள். பெரிய கண் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவின் பெயரைத்தான் நிறையப் பேர் சொன்னார்களாம்.

"கூட்டமா இருக்கும்," என்றார் மாஸ்டர்.

"நல்லா பார்த்தாத்தான் கூட்டம் வரும்."

இதற்கு எதிராக ஒரு வாதம் தோன்றுவதற்குள் மச்சான் நேரம் வாங்கிவிட்டான். மிச்சமிருந்தது விடுப்பு மட்டும்தான்.

முதலாளியிடம் 'கண் டாக்டர்' என்ற சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பெயர் 'மௌன வெள்ளை'. மூன்று வருடத்துக்கு முன்னால் மாஸ்டரின் மேடையிலிருந்து பிறந்த நிறம். 'பேசாத சுவர்கள், பேசும் வீடு' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். என்ன அர்த்தம் என்று எழுதியவருக்கும் தெரியாது. ஆனால் அந்த வெள்ளையில் ஏதோ ஒரு குளிர்ச்சி இருக்கிறது, வேறு எந்தக் கம்பெனி வெள்ளையிலும் இது வரவில்லை என்று ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் தலைகீழாக நின்றும் அவனுக்கு அது கூடிவரவில்லை.

"மாஸ்டர், உங்க கண்ணுல ஒருத்தன் கை வைக்கிறதா? கோயில் மாதிரி வச்சிருக்கீங்க அதை!"

"சும்மா காட்டிட்டு வர்றேன் முதலாளி."

"காட்டணும்னா என் சகலைகிட்ட காட்டுங்க. அவரும் கண் டாக்டர்தான். கத்தியே எடுக்க மாட்டார். குடும்ப ஆளு."

முதலாளியின் சகலை கத்தி எடுக்காததற்குக் காரணம், எடுக்கத் தெரியாது என்று அவருடைய எதிரிகள் சொல்வதுண்டு. அவருடைய அறையில் ஒரு பெரிய கழுகுப் படம் மாட்டியிருந்தது. மாஸ்டரின் கண்ணில் டார்ச் அடித்து, "ஆகா!" என்றார். மறு கண்ணிலும் அடித்து, "ஆகாகா!" என்றார். பிறகு சுவரில் இருந்த கழுகைக் காட்டி, "இதுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத் தேவை பயிற்சிதான். வலமா ஒரு சுத்து, இடமா ஒரு சுத்து. தினமும் பண்ணுங்க," என்று அனுப்பிவைத்தார். மாஸ்டருக்கு அந்தக் கழுகு சேவல் மாதிரி தெரிந்தது. சொல்லவில்லை.

கம்பெனியில் கண்ணைச் சுழற்றும் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஜன்னலோரத்தில் நின்று மாஸ்டர் விழிகளை உருட்டினால், தங்களைத்தான் முறைக்கிறார் என்று கலவைப் பிரிவு ஆட்கள் நடுங்கி, தப்பில்லாத டிரம்மையெல்லாம் மறுபடியும் கிண்டினார்கள். பயிற்சியால் கண்டிப்பு கூடியது. பார்வை கூடவில்லை. ஒரு மாலை, கடைசிப் படி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நம்பி மாஸ்டர் காலை வைத்தார். அது முடிந்திருக்கவில்லை. முழங்காலில் மஞ்சள் பூசிவிட்டபடியே மனைவி சொன்னாள்: "வியாழக்கிழமைக்குத் தம்பி மறுபடி நேரம் வாங்கியிருக்கான். டாக்டரம்மா. பேசாம வர்றீங்க."

பேசாமல்தான் இருந்தார். ஆனால் தயாரிப்பு பலமாக நடந்தது. மனைவியின் தயாரிப்பு ஒரு துணிப்பையில் அடங்கியது: பழைய மூக்குக்கண்ணாடி, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் அட்டை, சர்க்கரை பார்த்த சீட்டு, தண்ணீர், ஒரு கறுப்புக் கண்ணாடி. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை கலங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மாஸ்டரின் தயாரிப்பு வேறு ரகம். டாக்டரம்மா என்ன மாதிரிக் கண்ணைத் தொடப்போகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஒரு சிறு பிரசங்கத்தை மனப்பாடம் செய்தார். கம்பெனியின் நிற அட்டைக் கொத்தை இஸ்திரி போட்ட சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஞாயிறு வரை காத்திராமல் மீசைக்கும் புதிதாகச் சாயம் கலந்து பூசினார். கண்ணாடியில் பார்த்தபோது அது அட்டக் கருப்பாக, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"எப்படி?" என்றார் மனைவியிடம்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஓர் இளம்பெண் அவரை இருட்டறையில் உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் முப்பது வருஷமா..." என்று பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"மேல் வரி தெரியுதா ஐயா?"

"இந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு கம்பெனியே..."

"மேல் வரி ஐயா."

மேல் வரி தெரிந்தது. அதற்குக் கீழே எறும்புக் கூட்டம். எறும்புகளை அவர் அதட்டும் குரலில் படித்தார், ஒன்றுகூடச் சரியில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து அவர் மீசையை ஒரு கணம் பார்த்தாள். சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எழுதினாள். தன் கம்பீரம் அவளை அசைத்துவிட்டது என்று மாஸ்டர் கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

பிறகு சொட்டு மருந்து. "கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க. திரும்ப விடுவேன்," என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நீளக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்கள். மச்சான் வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருந்தான். மனைவி சீட்டு பதியும் வரிசையில் நின்றாள். எழுந்து ஓடலாம் என்றால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் உலகம் நனைந்த காகிதம். பிடித்த பிடியில் நாற்காலிக் கைப்பிடி வியர்த்தது.

அந்த ஈரக் காகிதத்திலும் ஒன்றை அவர் அடையாளம் கண்டுகொண்டார். சுவர். கூடம் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, மௌன வெள்ளை. அவருக்கு உயிர் திரும்பி வந்தது. பெற்ற பிள்ளையை அயலூர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்தது போல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, திருப்பிக் காட்ட வந்தவள்.

"இந்தச் சுவரைப் பார்த்தீங்களா?" என்றார் மாஸ்டர்.

"அதை ஏன் கேக்கறீங்க!" என்றாள் அவள், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல. "போன தடவை வந்தப்போ வெள்ளையா இருந்துச்சு. இப்போ கத்திரிப்பூ கலரா இருக்கு."

"மறுபடி அடிச்சிருப்பாங்க."

"அடிக்கலையாம். நானும் சண்டைக்குப் போனேன். முந்தியும் இதேதானாம்." அவள் கறுப்புக் கண்ணாடியை லேசாகத் தூக்கினாள். ஒரு உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தினாள். "இப்படிப் பார்த்தா ஊதா." கையை மாற்றினாள். "இப்படிப் பார்த்தா வெள்ளை. ஊதா தெரியறதுதான் ஆபரேஷன் ஆன கண்ணு."

"வெள்ளை தெரியறதுதான் நல்ல கண்ணு," என்றார் மாஸ்டர்.

"அட நீங்க வேற! இந்த வரிசை முழுக்க ஆபரேஷன் ஆகாதவங்க. இவங்களைக் கேளுங்க, வெள்ளைம்பாங்க. எதிர் வரிசை ஆனவங்க. என்ன அண்ணே, சுவர் என்ன கலரு?"

"ஊதா," என்றது எதிர் வரிசை. ஒருவர் தூக்கத்திலிருந்து விழித்து, "வெளிர் ஊதா," என்று திருத்தினார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதைத்தான் நர்ஸும் செய்யச் சொல்லியிருந்தாள். மூடிய இமைக்குள் விற்றுப்போன அந்த இயந்திரம் வந்து நின்றது. ஒன்றும் பேசாமல், தன் எண்களை மட்டும் காட்டிக்கொண்டு.

டாக்டரம்மா அளவாகப் பேசுகிறவர். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சக் கீற்றால் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து, மறு கண்ணையும் பார்த்து, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மனைவி பையை மடியில் வைத்து அருகில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம், பார்வை வந்துடும். என்ன வேலை பார்க்கறீங்க?"

மனப்பாடம் செய்த பிரசங்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான். மாஸ்டர் வாயைத் திறந்தார். "பெயிண்ட் கம்பெனி," என்று மட்டும் வந்தது.

"கலர் பார்க்கிற வேலையா?" டாக்டரம்மாவின் பார்வை அவர் மீசையில் ஒரு நொடி நின்று, சட்டைப் பையிலிருந்த நிற அட்டைக் கொத்துக்கு இறங்கியது. "அப்போ கஷ்டமாச்சே. இந்தப் புரை பழுப்பு மஞ்சளா இருக்கு. எல்லாத்தையும் மஞ்சள் கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி. வெள்ளையைப் பார்த்தா மஞ்சள் அடிக்குதேன்னு தோணும். சரிக்கட்ட நீலமோ ஊதாவோ சேர்த்துக்கிட்டே போவீங்க."

மாஸ்டரின் தலை தானாக வலப்பக்கம் சரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கதவு திறந்தது. முதலாளி. பின்னாலேயே மச்சான், "சொல்லாதேன்னு யாரும் சொல்லலையே அக்கா, போன் பண்ணிக் கேட்டாரு, சொன்னேன்," என்று நின்றான். முதலாளிக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, கத்தி வச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. நீங்க யாரு?"

"இந்தக் கண்ணு என் கம்பெனியோடது."

டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். தரை எங்கே என்று சரியாகத் தெரியவில்லை; உத்தேசமாகப் பார்த்தார். டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். புரை, மஞ்சள், ஊதா. முதலாளி கேட்கக் கேட்க மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த அட்டைக் கொத்தை உள்ளே தள்ளினார். இதோ, முடிந்தது. இனி ஜன்னல் இல்லை, மேடை இல்லை, "ஆச்சு" இல்லை.

ஆனால் வியாபாரி மூளை வேறு தடத்தில் ஓடுவது.

"அப்போ மௌன வெள்ளை இந்தப் புரையிலேர்ந்துதான் வருதா?"

"மௌன வெள்ளையா? நாங்க கூடத்துக்கு அடிச்சிருக்கோமே, அதுவா?" டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "ரொம்ப உபகாரம். பேஷண்ட் வெளியே வந்து 'சுவர் ஏன் ஊதாவா இருக்கு'ன்னு சண்டை போட்டா, ஆபரேஷன் நல்லா ஆகியிருக்குன்னு எங்களுக்கு அர்த்தம்."

முதலாளியின் காதில் அது விழவில்லை. "புரையை எடுத்துட்டா அந்த வெள்ளை வராதா?"

"எப்படி வரும்? இவருக்கே ஊதாவா தெரியுமே."

முதலாளி மாஸ்டரின் காலடியில் இருந்த எடை பார்க்கும் மேடையில் உட்கார்ந்தார். அது அவருடைய எடையைக் காட்டியது, யாரும் பார்க்கவில்லை.

"மிஷின் ஒண்ணு வாங்கிப் பழைய டப்பாவை அளந்து..." என்று மச்சான் இழுத்தான்.

"மிஷின் குருடுன்னு மாஸ்டர்தானே சொன்னார்? அவர் பேச்சைக் கேட்டுத்தானே பாதி விலைக்கு வித்தேன்? அவர் சொன்னா தப்பா இருக்குமா?" முதலாளி மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க மாஸ்டர். மிஷின் குருடா, இல்லையா?"

அறை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. இல்லை என்றால் முப்பது வருடமும் போச்சு. ஆமாம் என்றால் கண் போச்சு.

"குருடுதான்," என்றார் மாஸ்டர்.

"அப்புறம் என்ன!" முதலாளி துள்ளி எழுந்தார். "டாக்டரம்மா, ஒரு கண்ணு மட்டும் பண்ணுங்க. இடது கண்ணு அவரோடது. வீட்டுக்கு, ரோட்டுக்கு, சம்பந்தி வந்தா பார்க்கிறதுக்கு. வலது கண்ணு கம்பெனிக்கு. வேலை நேரத்துல இடது கண்ணை மூடிக்கட்டும். நான் மறைப்பு வாங்கித் தர்றேன், தோல்ல, நல்லதா."

"முதல்ல எப்படியும் ஒரு கண்ணுதான் பண்ணுவோம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா இன்னொண்ணை ரொம்ப நாள் விட முடியாது. புரை முத்திக்கிட்டே போகும். இவர் கலக்கற வெள்ளையும் வர வர ஊதாவாகிக்கிட்டே போகும்."

முதலாளி யோசித்தார். "அதுக்கு வேற பேர் வச்சுக்கலாம்," என்றார்.

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் களிம்பைக் கண்டுபிடித்தவள், மழைக்கோட்டைக் கண்டுபிடித்தவள், இந்த டாக்டரையும் கண்டுபிடித்தவள். அவள் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"கலர் சமாச்சாரம்," என்றாள். "நான் பேசறதில்லை."

ஆக, இடது கண் அடுத்த வாரமே நடந்தது. வலியில்லை, யாரோ தூரத்தில் பாத்திரம் துலக்குவது போன்ற ஓசை, ஒரு வெளிச்சம், பிறகு கட்டு. மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள்.

முதலில் தெரிந்தது மனைவியின் முகம். அதில் இத்தனை கோடுகள் எப்போது வந்தன என்று அவருக்கு வியப்பாக இருந்தது. கேட்காமல் இருக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது. அடுத்தது ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு கொடிக்கயிறு, அதில் மருத்துவமனைப் படுக்கை விரிப்பு. அது வெள்ளை. அவர் மறந்தே போயிருந்த வெள்ளை. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. மருந்து எரிகிறது என்று நர்ஸிடம் சொன்னார்.

பிறகு சுவரைப் பார்த்தார்.

ஊதாதான். சந்தேகமே இல்லை. இடது கண்ணை மூடினார்: மௌன வெள்ளை, குளிர்ச்சியாக, பெருமையாக. வலது கண்ணை மூடினார்: ஊதா. மறுபடி மாற்றினார். இப்படியே மாற்றி மாற்றி, வீட்டுக்கும் கம்பெனிக்குமாகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். இனி ஓய்வு பெறும்வரை இதுதான் பாதை. மேடையின் மேல் தோல் மறைப்பு காத்திருக்கும். அதைக் கட்டிக்கொண்டு, தெரிந்தே, "ஆச்சு" என்று சொல்ல வேண்டும்.

பரவாயில்லை. இந்த இரகசியம் முதலாளி, டாக்டரம்மா, மனைவி, மச்சான், இவர்களோடு போயிற்று. வெளியுலகத்துக்கு மாஸ்டர் மாஸ்டர்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கண்ணு சிவந்திருக்கா பார்க்கணும். கண்ணாடி ஒண்ணு குடும்மா."

நர்ஸ் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நர்ஸ் சுவரில் மாட்டியிருந்த சிறு கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாஸ்டர் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தார்.

மீசை ஊதா நிறத்தில் இருந்தது. மகள் கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான் இருக்கிறது.